நன்றி சொல்லப் பழகுவது எப்படி: யாழ்ப்பாணத்து வீடுகளுக்கும் ஒழுங்கைகளுக்கும் ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் நன்றிக்குக் குறைவில்லை. எந்த விழாவுக்குப் போனாலும் கடைசியில் ஒருவர் எழுந்து நன்றியுரை சொல்வார். பிரதம விருந்தினர் முதல் பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர் வரை எல்லாருக்கும் ஒரே மூச்சில் நன்றி போகும், அதற்குள் சனம் பாதி எழும்பிப் போய்விடும். ஒருவர் இறந்தால் 31ஆம் நாளை ஒட்டிப் பேப்பரில் ‘நன்றி நவிலல்’ வரும். நேரில் வந்தோர், தொலைபேசியில் அனுதாபம் சொன்னோர், மலர்வளையம் வைத்தோர், பதாகை கட்டியோர், ‘மற்றும் பல வழிகளிலும் உதவிய அனைவருக்கும்’ என்று அது முடியும். ஆனால் இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டவுடன் ஓட்டோவை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பக்கத்து ஒழுங்கைப் பெடியனிடம் யாராவது தனியாகப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்களா என்றால், சந்தேகம்தான். அவன் ‘அனைவருக்கும்’ என்பதற்குள் அடங்கிவிடுகிறான்.

அந்தப் பெடியனிடம் போய் எப்படிச் சொல்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. எனக்குத் தெரிந்த ஒரே வழி: அவர் செய்ததைக் குறிப்பாகச் சொல்வது. மற்றதெல்லாம் அதற்கான பயிற்சிதான்.

முதலில் ஒரு கொப்பி

சொல்வதற்கு முன் பார்க்கப் பழகவேண்டும். ஒரு பழைய கொப்பியும் பேனையும் போதும். கிழமைக்கு ஒரு நாள், ஞாயிறு இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள், திங்கள் காலையின் அந்தரம் தொடங்கமுன். அந்தக் கிழமையில் மற்றவர்கள் உங்களுக்குச் செய்தவற்றில் நான்கைந்தை எழுதுங்கள்.

தினமும் எழுதத் தேவையில்லையா என்று கேட்பீர்கள். தேவையில்லை. 2003இல் ரொபேர்ட் எமொன்ஸ், மைக்கல் மக்கலோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அதில் ஒரு பகுதி மாணவர்கள் பத்துக் கிழமை, கிழமைக்கு ஒருதரம், நன்றியோடு நினைக்கும் விஷயங்களை ஐந்து வரை எழுதினார்கள். இன்னொரு பகுதியினர் தங்களுக்குக் கரைச்சல் தந்தவற்றை எழுதினார்கள். நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிடத் திருப்தியாக இருந்தார்கள், உடற்பயிற்சியும் கூடச் செய்தார்கள். பிறகு சொன்யா லியுபொமிர்ஸ்கி என்ற இன்னொரு உளவியலாளரின் குழு கிழமைக்கு ஒருதரம் எழுதுகிறவர்களையும் மூன்றுதரம் எழுதுகிறவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. பலன் கண்டவர்கள் ஒருதரம் எழுதியவர்கள்தான். அடிக்கடி எழுதினால் கடமைக்கு எழுதத் தொடங்கிவிடுவோம், அவ்வளவுதான்.

எதை எழுதுவது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ‘நல்ல குடும்பம், உடல் சுகம், அன்பான நண்பர்கள்’ என்று எழுதினால் அடுத்த கிழமையும் அதேதான் வரும், அதற்கடுத்த கிழமை கொப்பியே காணாமல் போய்விடும். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘செவ்வாய் பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. நான் சந்தையில் நின்றேன். பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் கையை நீட்டிக் கொடியில் கிடந்த உடுப்பையெல்லாம் எடுத்துத் தன் விறாந்தையில் மடித்து வைத்திருந்தார். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை மட்டும் தனியாக.’ இந்த வரியில் ஒரு ஆள் இருக்கிறார், அவர் ஒன்று செய்திருக்கிறார். அந்த வெள்ளைச் சட்டை வரைக்கும் நினைவில் இருந்தால், மாமியிடம் சொல்ல ஏற்கெனவே ஒரு வசனம் கைவசம் இருக்கிறது.

மழைக்கும் வெயிலுக்கும் நன்றி எழுதக்கூடாது என்றில்லை. ஆனால் அந்தப் பக்கம் நாங்கள் ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கிறோம். தைப்பொங்கலன்று முற்றத்தில் சூரியனுக்குப் பொங்குகிறோம், மறுநாள் பட்டிப்பொங்கலில் மாட்டைக் குளிப்பாட்டி மாலை போடுகிறோம். பிந்திப்போய் நிற்பது மனிசர் பக்கம்தான்.

ஒன்றும் வரவில்லை என்றால், இருக்கிற ஒன்றை இல்லாமல் ஆக்கி நினைத்துப் பாருங்கள். இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொன்னவர் அன்றைக்கு உங்களைச் சந்திக்காமலே போயிருந்தால்?

சொல்லும்போது மூன்று விஷயம்

அவர் என்ன செய்தார், அதற்கு அவருக்கு என்ன செலவானது, அதனால் உங்களுக்கு என்ன நடந்தது. மூன்றும் வந்துவிட்டால் ‘நன்றி’ என்று தனியாகச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஓட்டோப் பெடியனிடம் இப்படிச் சொல்லலாம்:

“தம்பி, அண்டைக்கு இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட ஒண்டும் கேக்காமல் வந்தனீர். விடிய உமக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்துற ஓட்டமும் இருந்தது, எனக்குத் தெரியும். நேரத்துக்குக் கொண்டுபோனபடியால்தான் அம்மா இண்டைக்கு எழும்பி இருக்கிறா.”

இதில் நடு வசனத்தை விட்டுவிடாதீர்கள். உதவி செய்தவர் தன் நித்திரையை, பெற்றோலை, சம்பளமில்லாத அரைநாளைச் செலவழித்திருப்பார். அதை யாரும் கவனிக்கவில்லை என்றே நினைத்திருப்பார். நீங்கள் கவனித்திருந்தீர்கள் என்பதைத்தான் அந்த வசனம் அவருக்குச் சொல்கிறது.

கூட்டிச் சொல்லவும் வேண்டாம். “கடவுள் மாதிரி வந்தனீர்” என்றால் பெடியன் நிலத்தைப் பார்ப்பான். நடந்தது நடந்தபடி போதும். அப்புறம், நன்றி சொல்லப் போன இடத்தில் அடுத்த உதவியைக் கேட்காதீர்கள். “அதோட தம்பி, வாற வெள்ளிக்கிழமையும் ஒருக்கா…” என்று தொடங்கினால் முதலில் சொன்ன அத்தனையும் அதற்குப் பீடிகையாகிவிடும். உண்மையிலேயே தேவை என்றால் இன்னொரு நாள் போய்க் கேளுங்கள்.

பதிலுக்கு என்ன வரும் என்று புதியவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. எங்கள் ஊரில் யாரும் “மகிழ்ச்சி” என்று சொல்லிக் கை கொடுக்க மாட்டார்கள். “இதென்ன பெரிய விசயமே”, “சும்மா இருங்கோ அக்கா” என்பார்கள். கொஞ்சம் நெருக்கமானவர் என்றால் “உனக்கென்ன விசரே?” என்பார். இது மறுப்பில்லை, கூச்சம். “இல்லை, இல்லை, நீங்கள் செய்தது பெரிய விசயம்தான்” என்று வாதாடப் போகாதீர்கள். அவருடைய வளவு மாமரம் இந்த வருசம் எப்படிக் காய்க்கிறது என்று கேளுங்கள். சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்னொன்று, இதைப் பேச நாங்கள் விரும்புவதில்லை. எங்கள் நன்றியிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. டொக்டரிடம் கைகட்டி நின்று நன்றி சொல்பவர், தேங்காய் பிடுங்க வரும் அறுபது வயதுக்காரரை ‘நீ, வா, போ’ என்று கூப்பிட்டுக் காசைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போவார். அவர் குடிக்கிற தேத்தண்ணிக்குத் தனி ஏதனம் வைக்கிற வீடும் இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து எவ்வளவு இனிமையான வசனம் வந்தாலும் அது நன்றியாகாது. ‘நீங்கள்’ என்று கூப்பிடுவதிலும், காசைக் கையில் கொடுப்பதிலும், வீட்டார் குடிக்கிற கோப்பையிலேயே தேத்தண்ணி கொடுப்பதிலும் இருந்துதான் இந்தப் பயிற்சியைத் தொடங்கவேண்டும்.

வீட்டுக்குள்

எல்லாவற்றிலும் கடினமான இடம் இதுதான். அம்மாவிடம் போய் “நன்றி அம்மா” என்று சொல்லிப் பாருங்கள். “ஏன், காய்ச்சலோ?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், அல்லது எவ்வளவு காசு வேண்டும் என்று கேட்பார்.

இதற்காக நாங்கள் நன்றி கெட்டவர்கள் என்று வெட்கப்பட வேண்டியதில்லை. 2018இல் வெளிவந்த ஒரு மொழியியல் ஆய்வு ஐந்து கண்டங்களில் எட்டு மொழிகள் பேசுவோரின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தது. வீட்டாரும் பழகியவர்களும் கேட்ட சிறு உதவி கிடைத்தபோது வாய்விட்டு நன்றி சொன்னது ஏறக்குறைய இருபதில் ஒரு தடவைதான். உப்பை எடுத்துக் கொடுத்தால் வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் உலக வழக்கம்.

அதனால் வீட்டில் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லத் தேவையில்லை, கவனித்தேன் என்று காட்டினால் போதும். விடிய நாலரைக்கு எழும்பி, தேங்காய் துருவி, மா குழைத்து அவித்த புட்டை, ஆறவிட்டு, போனைப் பார்த்தபடி சாப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள். சூட்டோடு சாப்பிட்டுவிட்டு, “இண்டைக்குப் புட்டு பூ மாதிரி உதிருது, மா வேறயோ?” என்று கேளுங்கள். மா மில்லில் சனம், திரும்பி வந்து வறுத்தது, அரிப்பில் அரித்தது என்று ஒரு கதை வரும். அதைக் கேட்டு முடியுங்கள். சாப்பிட்ட கோப்பையை நீங்களே கழுவி வைத்தால் இன்னும் நல்லது. ஆம்பிளைப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்பாமார் வேறு ரகம். இரவு ஏழரைக்கு ஏதாவது ரியூசன் வாசலைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி, தலைக்கவசத்தைக் கைப்பிடியில் கொழுவிவிட்டு, நுளம்புக்குக் காலை ஆட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். வாத்தியார் அரைமணி கூடப் படிப்பித்தாலும் நிற்பார்கள். அவர்களிடம் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல முடியாது, அவர்களுக்கும் கேட்க முடியாது. வீட்டுக்குப் போகும் வழியில் பின் சீற்றில் இருந்து சொல்லுங்கள். “அப்பா, வேலையால வந்து சாப்பிடாமல் நிண்டனீங்கள் என்ன?” அவருக்கு ரோட்டைப் பார்த்துக்கொண்டே “ம்” என்று சொல்ல வசதியாக இருக்கும்.

சின்னப் பிள்ளைகளை “தாங்ஸ் சொல்லு, தாங்ஸ் சொல்லு” என்று ஆட்களுக்கு முன் நெருக்காதீர்கள். கொண்டுவந்தவர் போனபிறகு, “மாமி இதை எங்கை வாங்கியிருப்பா? பஸ்சில எப்படிக் கொண்டு வந்திருப்பா?” என்று பேசுங்கள். அடுத்தமுறை மாமி வரும்போது பிள்ளை தானாகப் படலைக்கு ஓடும்.

படலைக்கு வெளியே

இங்கே சுருக்கம்தான் அழகு. திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்கும் அம்மா, “இண்டைக்கு இந்தக் கத்தரிக்காய் வேண்டாம் பிள்ளை, முத்தல்” என்று தன் வியாபாரத்தையே விட்டுச் சொன்னால், அடுத்தமுறை போகும்போது அதை நினைவுபடுத்துங்கள். பஸ்சில் வயதானவர் ஏறும்வரை பொறுத்து மணி அடித்த நடத்துநரிடம் இறங்கும்போது, “அண்ணை, ஐயா ஏறுமட்டும் நிண்டீங்கள், நல்லது” என்றால் போதும். பின்னால் சனம் இடிக்கும், நீட்டி முழக்காதீர்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் விடியமுன் வீதியைக் கூட்டுகிறவர்களிடம் ஒரு “வணக்கம் அம்மா” சொல்லிவிட்டு, கச்சான் கோதைக் கீழே போடாமல் விட்டாலே பாதி நன்றி.

ஆஸ்பத்திரியைப் பற்றி மட்டும் கொஞ்சம். நோயாளி வீட்டுக்குப் போகும் நாளில் டொக்டருக்கு எப்படியோ நன்றி போய்ச் சேர்ந்துவிடும். தள்ளுவண்டியைத் தள்ளியவர், இரவில் கட்டிலை மாற்றிய சிற்றூழியர், மூன்றுதரம் ஊசி ஏற்ற நரம்பு தேடிய தாதி மிஸ், இவர்கள் விடுபடுவார்கள். காசைக் கையில் திணிக்காதீர்கள், அது அவர்களைத்தான் சிக்கலில் மாட்டும். வாட்டில் இருக்கும்போதே பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்தபின் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: எந்த வாட், எந்தத் திகதி, யார், என்ன செய்தார். முறைப்பாட்டுக் கடிதம் எழுத எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதே விபரத்தோடு இதையும் எழுதலாம்.

பலகாரக் கோப்பை

பக்கத்து வீட்டிலிருந்து மோதகம் வந்த கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை என்பது நல்ல வழக்கம். அதில் ஒரு சிக்கலும் உண்டு. மோதகம் பின்னேரம் வந்தால், இரவுக்குள்ளேயே ஏதாவது போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று சிலர் அந்தரப்படுவார்கள். வீட்டில் ஒன்றுமில்லை என்றால் கடைக்கு ஆள் ஓடும். இப்படி உடனுக்குடன் தீர்த்தால் கணக்குச் சரியாகிவிடும், உறவுக்கு ஒன்றும் மிஞ்சாது. இரண்டு மூன்று நாள் அந்தக் கோப்பை உங்கள் அடுப்படியில் இருக்கட்டும். ஒருவருக்குக் கடமைப்பட்டு இருப்பதும் பழக வேண்டிய ஒன்றுதான். கொண்டுபோகும்போது, “உங்கடை மோதகத்துக்குப் பிள்ளையள் சண்டை பிடிச்சதுகள்” என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கொடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் காசுக்கும் இது பொருந்தும். கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ தம்பி அனுப்பினால் வாட்ஸ்அப்பில் “காசு கிடைச்சுது” என்று போகும், கூடவே ஒரு கைகூப்பும் படம். அனுப்பியவர் இரவு வேலை முடித்துக் கால்வலியோடு வந்து அதைப் பார்ப்பார். அவருக்குத் தெரியவேண்டியது அந்தக் காசு என்ன ஆனது என்பது. மாரி தொடங்கியதும் குரல் பதிவு ஒன்று அனுப்புங்கள்: “நீ அனுப்பினதில மேற்குப் பக்கத்து ஓடு முழுக்க மாத்தியாச்சு. ராத்திரி முழுக்க மழை. இந்த வருசம் வாளி வைக்கேல்லை.” அதே பதிவில் அடுத்த செலவுப் பட்டியலை வாசிக்காதீர்கள்.

அனுப்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பையும் கொப்பியும் வாங்கிக் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் கொடுத்தவரின் பெயர் போட்ட பதாகைக்கு முன் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, பையைப் பிடித்தபடி படம் எடுத்து, அதை முகநூலில் போடுவது நன்றியைக் கட்டாயமாக வசூலிப்பது. பத்து வயதுப் பிள்ளைக்குத் தான் ஏன் அங்கே நிற்கிறேன் என்று நன்றாகவே தெரியும். விபரம் வேண்டுமென்றால் பற்றுச்சீட்டைக் கேளுங்கள், பிள்ளையின் முகத்தைக் கேட்காதீர்கள்.

எங்கே வேண்டாம்

சம்பளத்தை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் முதலாளி, “நான்தானே உனக்கு வேலை தந்தனான்” என்றால், அங்கே நன்றி காட்டத் தேவையில்லை, சம்பளத்தைக் கேளுங்கள். வளர்த்த கடனைச் சொல்லிக் கல்யாணத்துக்கோ காணி உறுதிக்கோ நெருக்குகிறவர்களும் உண்டு. பெற்ற உதவி உண்மையாக இருக்கலாம், அதற்காகக் காலம் முழுக்கத் தலையாட்ட வேண்டியதில்லை. துக்கத்தில் இருப்பவரிடம், “மிச்சம் இருக்கிறதுக்கு நன்றி சொல்லு” என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். அவருக்கு ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுங்கள்.

பழைய கடன்கள்

கொப்பியில் நாலைந்து மாதம் எழுதிய பிறகு, நாங்கள் ஒருநாளும் நன்றி சொல்லாத பழைய ஆட்கள் நினைவுக்கு வரத் தொடங்குவார்கள். எனக்கு இந்தப் பழக்கத்தில் மிகப் பெறுமதியானதாகப் படுவது இதுதான்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போருக்குத் தப்பி, யாழ்ப்பாண நகரும் அதைச் சுற்றிய ஊர்களுமான வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து கிழக்கே தென்மராட்சிக்குப் போனது. சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் என்று வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் வீட்டைத் திறந்துவிட்டார்கள். விறாந்தையில், மாட்டுக்கொட்டிலில், மாமரத்துக்குக் கீழே ஆட்கள் படுத்தார்கள். ஒரு கிணற்றில் பத்துக் குடும்பம் குளித்தது. அடுத்த வருடம் பலர் வலிகாமத்துக்குத் திரும்பினார்கள், சிலர் வன்னிக்குப் போனார்கள், பலர் பிறகு நாட்டை விட்டே போனார்கள். அந்த வீட்டுக்காரர்களை நன்றியோடு நினைக்காதவர் இல்லை. ஆனால் திரும்பிப் போய்ச் சொன்னவர் எத்தனை பேர்? சாவகச்சேரி இங்கிருந்து பஸ்சில் போய்வரக்கூடிய தூரம்தான்.

போக ஏன் தயங்குகிறோம் என்பதற்கு ஓரளவு பதில் உண்டு. அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களைக் கொண்டு நன்றிக் கடிதம் எழுதுவித்து, பெறுகிறவர் எப்படி உணர்வார் என்று எழுதியவர்களிடம் ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு பெற்றவர்களையே கேட்டார்கள். எழுதியவர்கள் பெறுகிறவரின் சங்கடத்தைக் கூட்டியும், சந்தோசத்தைக் குறைத்தும் மதிப்பிட்டிருந்தார்கள். ‘சரியான சொல் வருமோ’ என்று எழுதியவர் கவலைப்பட, வாங்கியவர் அந்த அன்பைத்தான் பார்த்தார்.

போவதென்றால் இப்படிச் செய்யுங்கள். முதலில் ஒரு பக்கத்தில் எழுதுங்கள், மேலே சொன்ன மூன்று விஷயமும் வரும்படி. அந்த வீட்டார் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று சந்திக் கடையில் விசாரியுங்கள், யாருக்காவது தெரிந்திருக்கும். முற்பகலில் போங்கள், சாப்பாட்டு நேரத்தில் போனால் சமைக்க ஓடுவார்கள். ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கட் பெட்டியும் போதும், விலைகூடிய சாமான் கொண்டுபோனால் பேச்சு அதைப் பற்றியே போகும். அவர்களுக்கு உங்களை நினைவில்லாமல் இருக்கலாம், அந்த வீட்டில் அப்போது நாற்பது பேர் இருந்திருப்பார்கள். “கிணத்தடியில இருந்த பிலாமரத்துக்குக் கீழ இருந்த குடும்பம்” என்று சொல்லுங்கள். கடிதத்தை வாசிக்க வெட்கமாக இருந்தால் வாயால் சொல்லிவிட்டு, வெளிக்கிடும்போது கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஆசிரியர்களுக்கும் அதே முறைதான். ஒக்டோபர் 6, ஆசிரியர் தினம். அன்று பள்ளிக்கூடத்தில் இருப்பவர்களுக்குப் பூவும் வாழ்த்தும் கிடைக்கும். ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கும் முதலாம் வகுப்பு ரீச்சரிடம் அன்று யாரும் போவதில்லை, நீங்கள் போகலாம்.

போகமுன் அந்த ஆள் இறந்துவிட்டால்? செத்தவீட்டுக்குப் போங்கள். “நல்ல மனுசன்” என்று எல்லாரும் பிள்ளைகளிடம் சொல்வார்கள், நீங்கள் நடந்ததைச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது பிள்ளைகளுக்கே தெரியாத கதையாக இருக்கும். 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு, அதாவது இறந்தவரைப் பற்றிய நினைவுப் புத்தகம், அடிக்கிறார்களா என்று கேட்டு, அதையே பத்து வரியில் எழுதிக் கொடுங்கள்: எந்த வருடம், எந்த ஊர், என்ன செய்தார். ‘பண்பாளர், பாசமிகு’ போன்ற அடைமொழிகள் அதில் ஏற்கெனவே நிறைய இருக்கும், உங்கள் பங்குக்கும் சேர்க்காதீர்கள். அச்சகத்துக்கு நேரம் வேண்டும், ஆகையால் இரண்டு கிழமைக்குள் கையில் கிடைக்கும்படி கொடுத்துவிடுங்கள்.